தினமும் காலியாகும் டப்பா

மார்ச் 4, செவ்வாய்

சீமாட்டியைத் தராசில் நிற்க வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நாய் டாக்டரிடம் தரையோடு தரையாக ஒரு பெரிய தராசு இருக்கிறது. ஏறுவாள்; நாங்கள் எண்ணைப் பார்ப்பதற்குள் இறங்கிவிடுவாள். மூன்று காலில்தான் நிற்கிறாள். ஒரு பின்னங்காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். "என்னம்மா குடுக்குறீங்க இவளுக்கு?" என்றார். சாப்பாடு அளவாகத்தான் போடுகிறோம் என்றேன். "நடுவுல?" என்றார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார்.

முட்டிக்குள் தசைநார் அறுந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்தால் நடப்பாள். ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்க முடியாதாம். "மூச்சு வாங்குறதப் பாருங்க. மேசையிலேயே ஏதாவது ஆயிடுச்சுன்னா யாரு பொறுப்பு? ரெண்டு கிலோ குறையணும். மே மாசத்துக்குள்ள. அதுக்கு மேல போனா நல்லா இருக்குற காலும் அறுந்துடும். பாரம் பூரா அதுலதானே விழுது?"

வரும்போது இவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கும் மெக்கானிக், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கியபடி சொன்னார்: "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே. சுளுக்குன்னு சொல்லிக்கலாம். பயந்துபோய்க் குடுக்குறத நிறுத்திட்டார்னா?"

அதுதான் விஷயம். காலும் இல்லை, கிலோவும் இல்லை. அவர் கொடுப்பது நிற்கக்கூடாது.


மார்ச் 5, புதன்

டாக்டரம்மாவிடம் சொல்ல முடியாததை இங்காவது எழுதுகிறேன்.

மாமாவுக்கு, இவர் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, மெதுவாக. கோல் ஊன்றி நடக்கிறார். வலது கை மட்டும் வரவில்லை. பயிற்சிக்கு என்று கொடுத்த பஞ்சுப் பந்தை ஜன்னல் வழியாக வீசினார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டுன கைக்கு விளையாடப் பந்தா?" துணி மாட்டும் கிளிப்புகளைக் கொடுத்தால் அவற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார். எங்களுக்கு எல்லாம் வெறுத்துப்போனது.

அப்புறம்தான் பிசியோதெரபி செய்ய வரும் பையன் சீமாட்டியைப் பார்த்தான். அவளும் எப்போதும் மாமாவின் காலடியில்தான் கிடப்பாள். "சார், இவளுக்குத் தீனி போடுவீங்களா? வலது கையால மட்டும்?" அவ்வளவுதான். நாற்காலிக்கு வலது பக்கம் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு தகர டப்பா, அதற்குள் எலும்பு மாதிரி செய்த நாய் பிஸ்கட். ஒன்றை எடுக்க வேண்டும், நீட்ட வேண்டும், விரலைத் திறந்து விட வேண்டும். ஒரு பிஸ்கட் ஒரு பயிற்சி. முதல் நாள் அந்தக் கட்டைவிரல் பிஸ்கட்டின் மேல் மடங்கியபோது இவர் சமையலறைக்குள் வந்து அழுதார்.

அன்றிலிருந்து காலையில் டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். சாயங்காலம் வந்ததும் அதைத்தான் முதலில் திறப்பார். காலியாக இருந்தால் அப்பா நன்றாக இருக்கிறார். அவ்வளவுதான் கணக்கு.

அந்த டப்பாவில் இருப்பதுதான் சீமாட்டியின் காலை உடைக்கிறது.


மார்ச் 7, வெள்ளி

செல்லப்பிராணிக் கடையில் முழுசாக ஒரு மணி நேரம் நின்றேன். ஒரு கையில் நாங்கள் வழக்கமாக வாங்கும் பை. தலையணை பருமனில் இருக்கும், விலை மலிவு, மாதம் முழுக்க வரும். பின்னால் படித்தால் மாவு, கொழுப்பு, வெல்லப்பாகு, மறுபடியும் மாவு. கலோரி எத்தனை என்று போடவே இல்லை. போட்டால் யார் வாங்குவார்கள்?

இன்னொரு கையில் கலோரி குறைந்த தீனி. உள்ளங்கையளவு பாக்கெட். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, தட்டையாக, மெத்தென்று. விலையைப் பார்த்துவிட்டு, இரண்டு பாக்கெட்டுக்குச் சேர்த்துப் போட்டிருக்கிறார்களோ என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை.

கடைப் பெண்ணிடம் எது நல்லது என்று கேட்டேன். "நாய்க்கா, பர்ஸுக்கா?" என்றாள். நாய்க்கு என்றேன். "அப்போ இது. ஆனா அக்கா, உண்மையச் சொல்லட்டுமா? எங்க வீட்டு நாய் ரெண்டையும் தின்னும். செருப்பையும் தின்னும்."

சிரிக்க முடியவில்லை. இவருக்குக் கூடுதல் நேர வேலையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தேன்.


மார்ச் 9, ஞாயிறு

சண்டை. சின்னக் குரலில், மாமாவுக்குக் கேட்காமல்.

பாதி பிஸ்கட் போடலாம் என்றேன். உடைத்தால் பொடியாகிறது, பிடிக்க முடியாது என்றார். கேரட் துண்டு போடலாம் என்றேன். சீமாட்டி கேரட்டை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் வைத்துவிட்டு வருவாள். அங்கே ஒரு சின்னத் தோட்டமே இருக்கிறது. டப்பாவைப் பாதி மட்டும் நிரப்பலாம் என்றேன்.

"பாதிக் கையா குணமாகணும்?" என்றார்.

"அப்போ சீமாட்டி?"

"ஆபரேஷன் வேணாம்னா சொல்றேன்? குறைக்கலாம். சாப்பாட்டக் குறை. எங்கப்பா கையக் குறைக்காதே."

எங்கப்பா. இந்த ஒன்றரை வருடம் நான் யாருக்குப் பொத்தான் போட்டுவிட்டேனாம்?

கடைசியில் அந்தப் பொத்தான் தீனியையே வாங்குவது என்று முடிவு. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் சனிக்கிழமையும் வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்க வேண்டும். இவர் பிசியோ பையனுக்குப் போன் போட்டார். சின்னதைப் பிடிக்க இரண்டு விரல் நுனி வேண்டும், சார் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, முயற்சி செய்யட்டும், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றானாம். இவர் முகம் தொங்கிப்போனது.


மார்ச் 13, வியாழன்

மாமா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா, எனக்கா அவளுக்கா? மாத்திரை மாதிரி இருக்கு" என்றார். புதுசு மாமா, நல்லதாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் இவர் மூடியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

காலி!

ஒன்றுகூட இல்லை. இவர் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். "பாத்தியா? பாத்தியா? அதிகம் எதிர்பார்க்காதீங்கன்னான். இதோ! சின்னதையே பிடிக்கிறாரு!" அப்பாவின் தலையில் முத்தம் கொடுத்தார். மாமா ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

எனக்கும் சந்தோஷம்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.


மார்ச் 16, ஞாயிறு

இவர் டப்பாவை இப்போது மூடி மூடாத அளவுக்கு நிரப்புகிறார். "கலோரிதான் இல்லையே" என்கிறார். கலோரி குறைவுதானே தவிர இல்லாமல் இல்லை என்றேன். சந்தோஷமாக இருக்கும் மனுஷனிடம் அதை எத்தனை தடவை சொல்வது?

பாக்கெட்டுகள் எறும்புக்குச் சர்க்கரை வைத்தது போல் கரைகின்றன.


மார்ச் 18, செவ்வாய்

குறையவில்லை. கூடியிருக்கிறது.

கொஞ்சம்தான், ஆனால் கூடியிருக்கிறது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் சொன்னது ஒங்களுக்குப் புரியலையா, இல்ல விளையாடுறீங்களா? இப்போ நல்லா இருந்த கால் முட்டியும் வீங்க ஆரம்பிச்சிருக்கு. தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. சீமாட்டி என் கையை நக்கினாள். கடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கலோரி குறைந்த தீனிதான் போடுகிறோம் என்று பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றார். டப்பா அளவைக் கையால் காட்டினேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.


மார்ச் 22, சனி

பிசியோ பையன் மாதம் ஒரு தடவைதான் இப்போது வருகிறான். இன்று வந்தான். சின்னதைப் பிடிக்கிறார் என்று இவர் போனிலேயே சொல்லியிருந்ததால் ஆவலாக வந்தான்.

"சார், எங்க, ஒண்ணு எடுத்துக் குடுங்க பாப்போம்."

மாமா, இன்று அசதியாக இருக்கிறது என்றார். ஒன்றே ஒன்று என்றான். தலை சுற்றுகிறது என்றார். அவன் கையை எடுத்து விரல்களை நீவிப் பார்த்தான், தோளைத் தூக்கிப் பார்த்தான். மாமா உதட்டைக் கடித்தார். "முன்னைவிட இறுக்கமா இருக்கே சார்" என்றான். இவர் குறுக்கே போய், "தினமும் டப்பா பூரா முடிக்கிறாருப்பா, அதனால இருக்கும். ரொம்ப வேலை குடுத்துட்டாரோ என்னவோ" என்றார். அவன் டப்பாவைப் பார்த்தான், கையைப் பார்த்தான். சரி சார் என்றான்.

அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டியபடி என்னிடம் மட்டும், "அக்கா, அவர் எடுக்கும்போது நீங்க பாத்திருக்கீங்களா?" என்றான்.

பார்த்ததில்லை. பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? முன்பெல்லாம் இவர் இருந்தால் மாமா ஒன்றிரண்டு கொடுப்பார், ரொம்ப நேரம் எடுத்து. மற்றதெல்லாம் நாங்கள் இல்லாதபோதுதான்.


மார்ச் 24, திங்கள்

அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. இவரிடம் கேட்கலாமா? எப்படிக் கேட்பது? கேட்டால், என் அப்பாவையே சந்தேகப்படுகிறாயா என்பார்.


மார்ச் 27, வியாழன்

வரிசையாக எழுத முடியுமா பார்க்கிறேன்.

காலையில் கடையில் ஒரு லென்ஸைப் பட்டை தீட்டும்போது விளிம்பு உடைந்தது. சரி என்று இன்னொன்று எடுத்தேன். அதுவும் உடைந்தது. முதலாளி வந்து மெஷினை அணைத்தார். திட்டவில்லை. "ஒன் மூஞ்சியே சரியில்ல. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வா" என்றார்.

மத்தியான நேரம். கதவைத் திறந்தது மாமாவுக்குக் கேட்கவில்லை, ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில் கிடந்தது. இடது கை வயிற்றைத் தாண்டி வலது பக்கம் போகிறது, டப்பாவுக்குள் நுழைகிறது, ஒரு பிடி அள்ளுகிறது.

ஒன்றொன்றாக இல்லை. ஒரு பிடி.

சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டாமாம் அவளுக்கு! தின்று தின்று அலுத்துவிட்டது. மாமா குனிந்து அவள் வாயருகே கையைக் கொண்டுபோனார். "தின்னுடி. இன்னும் கொஞ்சம்தான். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். எனக்காகத் தின்னு" என்றார். அவள் அவருக்காகத் தின்றாள்.

நான் ரேடியோவை நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தவர் முகத்தை எப்படி எழுதுவது? வகுப்பில் பிடிபட்ட பிள்ளை மாதிரி. எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். கோபம்தான் வந்தது.

"எத்தனை நாளா மாமா?"

"அது ஆச்சு."

"எத்தனை நாளா?"

"மழைக்காலத்துலேர்ந்து." மடியிலிருந்த துண்டை இழுத்துவிட்டார். "தோள் வலிம்மா. தூக்கினா உயிர் போகுது. ஒரு நாள் முடியல, அப்படியே விட்டுட்டேன். டப்பா நெறஞ்சு கெடந்துச்சு. அவன் வந்து தொறந்தான். நீ அப்போ கடையில இருந்தே, அவன் மொகத்தப் பாக்கல. நான் பாத்தேன். அன்னிக்கு அவன் சாப்பிடல. மறுநாள் இந்தக் கையால போட்டேன். வந்து தொறந்தான். சிரிச்சான்." இடது கையை விரித்துக் காட்டினார். "அவன் சிரிக்கிறதுக்குத்தான். வேற என்ன?"

வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி அவன் லீவு. வேணாம்மா."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். இவர் சொல்லாதே என்றதை. சுளுக்கு இல்லை மாமா, உள்ளே அறுந்துபோயிருக்கிறது. எடை குறைந்தால்தான் ஆபரேஷன். இல்லையென்றால் இன்னொரு காலும் போய்விடும். அப்புறம் அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

சீமாட்டியைப் பார்த்தார். அவள் வாலை ஆட்டினாள். கையில் மிச்சமிருந்த தீனியைத் திரும்ப டப்பாவில் போடப் பார்த்தார், பாதி கீழே சிந்தியது. "நானா?" என்றார். "நானாம்மா பண்ணேன்?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.


மார்ச் 28, வெள்ளி

இவரிடம் சொல்லாதே என்று மாமா கேட்கிறார். மாமாவிடம் சொல்லாதே என்று இவர் கேட்டார். நடுவில் நான் என்ன தபால் பெட்டியா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்களாகச் சொல்லுங்கள் மாமா, இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் இருந்திருந்தால் என் வாய்க்கு நல்லது நடந்திருக்கும். ஆனால் சொன்னதுக்கு வருத்தமில்லை.

இன்றும் டப்பா காலி. தீனியை நான்தான் கவரில் கொட்டி என் கைப்பைக்குள் ஒளித்தேன். இவர் திறந்து பார்த்துச் சிரித்தார். நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.


மார்ச் 29, சனி

கடையிலிருந்து வந்ததும் டப்பாவைக் கொட்டப் போனேன். மாமா இடது கையை மூடியின் மேல் வைத்துக்கொண்டார். "விடு. அப்படியே இருக்கட்டும்" என்றார். புரிந்தது. சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

இவர் வந்தார். மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"என்னப்பா, ஒடம்பு சரியில்லையா?"

"இன்னிக்குத்தான்டா சரியா இருக்கேன். இத்தனை நாளும் இடது கையாலதான் போட்டேன்."

இவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். மாமா துண்டை எடுத்தார். வலது கையை டப்பாவை நோக்கி நகர்த்தினார். நான் எட்டிப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. கை முக்காலி விளிம்பு வரை போனது. விரல் மடங்கவில்லை. அங்கேயே நின்று ஆடியது. மாமா முகமெல்லாம் வேர்வை. "போதும்பா" என்று இவர் சொல்லும்வரை கையை எடுக்கவே இல்லை.

அப்புறம் எல்லாம் என் மேல். "ஒனக்கு எப்ப தெரியும்?" முந்தாநாள் என்றேன். "ரெண்டு நாளா என்னைப் பைத்தியக்காரன் ஆக்கியிருக்கீங்க!" ரெண்டு நாளா? நீங்கள் மட்டும் என்ன, சுளுக்கு என்று சொல்லச் சொன்னது யார்? அவர் உங்களுக்காகப் பொய் சொன்னார், நீங்கள் அவருக்காகப் பொய் சொன்னீர்கள், தின்றதெல்லாம் அவள்! எடையெல்லாம் அவள்! கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.


மார்ச் 31, திங்கள்

டப்பா நிரப்பாமலே வேலைக்குப் போனார். அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார்.


ஏப்ரல் 2, புதன்

டப்பாவைக் கழுவித் துடைத்து என் நூல்கண்டுகளைப் போட்டு வைத்தேன். அது வீட்டில் கண்ணில் பட்டாலே ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

சீமாட்டிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மாமாவின் எதிரே போய் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்க்கிறாள். முனகுகிறாள். முன்னங்காலால் அவர் முழங்காலைத் தட்டுகிறாள். "என்கிட்ட ஒண்ணும் இல்லடி" என்கிறார். போக மாட்டாள். அவள் தூங்கும்வரை அவர் கண்ணைத் திறப்பதில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு அந்தத் தலையணைப் பையையே வாங்கிக் கொட்டிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.


ஏப்ரல் 8, செவ்வாய்

இறங்கியிருக்கிறது! அரைக் கிலோகூட இல்லை, ஆனால் இறங்கியிருக்கிறது.

நடந்ததையெல்லாம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் எழுதுகிற மாதிரி இருந்தார். அப்புறம், தீனியே வேண்டாம், அவளுடைய சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வைத்து அதை அவர் கொடுக்கட்டும் என்றார். "எந்தக் கையால வேணா குடுக்கட்டும். அவளுக்கு என்ன தெரியும் கை வித்தியாசம்?"

வழியில் கடைக்குப் போனேன். மலிவுப் பையும் வாங்கவில்லை, பொத்தானும் வாங்கவில்லை. கடைப் பெண் கோபப்படாமல், "அப்போ எதுக்கக்கா வந்தீங்க?" என்றாள். எடை இறங்கியிருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன்.


ஏப்ரல் 15, செவ்வாய்

பிசியோ பையன் இப்போது வாரம் ஒரு தடவை வருகிறான். தோளுக்கு மட்டும். விரலைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. சூடான துணி ஒத்தடம், எண்ணெய். இவர்தான் காலையில் தேய்த்துவிடுகிறார். அப்பாவும் மகனும் பேசுவதில்லை, ஆனால் தேய்க்கிறார், அவரும் சட்டையைக் கழற்றிக் காட்டுகிறார். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.


ஏப்ரல் 22, செவ்வாய்

சோபாவுக்கு அடியில் பெருக்கினேன். கேரட் ஒன்றுகூட இல்லை. கேரட்டைத் தின்னும் அளவுக்குச் சீமாட்டி இறங்கி வந்துவிட்டாள்.


மே 6, செவ்வாய்

இன்னும் இருநூறு கிராம் பாக்கி. மூச்சு பரவாயில்லை, முட்டிதான் இனிமேல் தாங்காது, இருபதாம் தேதி செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஒரு காகிதம் நீட்டினார். மயக்கத்தில் ஏதாவது ஆனால் எங்களுக்குச் சம்மதம் என்று கையெழுத்து. இவர் பேனாவை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் திரும்ப அவரிடம் கொடுத்தேன்.

வீட்டில் மாமா, "போட்டாச்சா?" என்றார். போட்டாச்சுப்பா என்றார் இவர். முப்பது நாளைக்கு மேல் கழித்து அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை அது.


மே 20, செவ்வாய்

காலையில் கொண்டுபோய் விட்டோம். மாமாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். இரண்டு மாடி இறங்கினார், ஒவ்வொரு படியிலும் நின்று. இவர் ஒரு படி முன்னால், பின்பக்கமாக இறங்கினார்.

உள்ளே கொண்டுபோகும்போது சீமாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கதவு மூடியது. காத்திருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பூனைக்காரர், ஒரு கிளிக்காரர், நாங்கள். கதவுக்கு உள்ளே யாராவது வேகமாக நடந்தால் மூன்று பேரும் நிமிர்ந்தோம். ஒரு தடவை ஓடும் சத்தம் கேட்டது. இவர் எழுந்தேவிட்டார். அது கிளிக்காம்.

மாமா மெல்ல என்னிடம், "அவ வேணாம்னு மொகத்தத் திருப்பினா. நான்தான் கேக்கல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இவர் அந்தப் பக்கத்திலிருந்து, "நான்தாம்ப்பா ரொப்பினேன்" என்றார். இவர் கை அப்பாவின் தோளில் இருந்தது, வலிக்காத இடமாகப் பார்த்து.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். "நடுவுல கொஞ்சம் பயமுறுத்திட்டா. இப்போ சரி" என்றார்.


மே 21, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தைச் சுற்றிப் பெரிய பிளாஸ்டிக் கூம்பு. சுவரெல்லாம் இடிக்கிறாள்.


மே 24, சனி

வெளியே கொண்டுபோகும்போது வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து, இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்து நடத்த வேண்டும். இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதுதான் வழக்கம்.

இன்று இவர் அவளைத் தூக்கிக் கீழே கொண்டுபோய் விட்ட நேரத்தில் போன் வந்தது. எங்கேயோ லிப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டார்களாம். ஓடினார். நான் தனியாக இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தேன். அவள் ஒரு பக்கம் சாய்கிறாள், கூம்பு என் முழங்காலில் இடிக்கிறது, நான் விழப் பார்த்தேன். மேலே ஜன்னலில் மாமா. "இரும்மா, வர்றேன்" என்றார். வேண்டாம் மாமா என்று கத்தினேன். கேட்டால்தானே.

எவ்வளவு நேரம் ஆனதோ, கோலோடு வந்து நின்றார். கோல் இடது கையில். அதை விட்டால் விழுவார். "சுத்தி விடு" என்று வலது கையை நீட்டினார். தோள் வலிக்கும் மாமா என்றேன். "தூக்கத்தானே வலிக்கும்? கீழதானே பிடிக்கப்போறேன். சுத்து." துண்டின் முனையை மணிக்கட்டில் சுற்றி, விரல்களுக்கு இடையில் கொடுத்தேன். ஒரு தடவை நழுவியது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், பஸ் ஓட்டிய காலத்து வார்த்தை. மறுபடி சுற்றினேன். இரண்டாவது தடவை நழுவவில்லை. மூன்று பேரும் அந்தக் கட்டடத்தின் முன்னால் நத்தை மாதிரி நடந்தோம். சுவரோரம் போனதும் சீமாட்டி நின்றாள், ஆபரேஷன் செய்த காலைக் கீழே வைத்தாள், நகம் மட்டும் படுகிற மாதிரி. பிறகு முழுப் பாதத்தையும் வைத்து நின்று என் செருப்பின் மேல் மூத்திரம் போனாள்.

சாயங்காலம் இவர் வந்ததும், "வெளிய போனாளா?" என்றார்.

"போனா" என்றார் மாமா.

"கால ஊனினாளா?"

"ஊனினா."

இவர் அவள் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டார், கூம்புக்குள் முகத்தை விட்டபடி. கையைப் பற்றி மாமா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் இவர் நாளையிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடுவார்.